கறிவேப்பிலைக்குத் தன் பெயரைத் தந்தவர், கறையானுக்குப் பெயர் வைத்தவர்



ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். அரசியல் தலைவர்களைப் பற்றியும் கவிஞர்களைப் பற்றியும் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் விலங்கியல் படித்தவன். ஆகவே, நம் எல்லோர் வீட்டு அடுப்பங்கரையிலும் தினமும் வந்துபோகிற, ஆனால் நாம் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

ரசம் தாளிக்கும்போது கடுகு வெடித்ததும் கிள்ளிப் போடுகிறோமே கறிவேப்பிலை, அதன் அறிவியல் பெயர் முர்ரயா கோனிகியை என்று படித்தோம். இப்போது தாவரவியல்காரர்கள் பெர்கெரா கோனிகியை என்ற பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். முதல் பெயர் மாறினாலும் இரண்டாவது பெயர் மாறவில்லை. 1771-ல் லின்னேயஸ் வைத்தது அது. கோனிக் என்ற தம் மாணவரின் நினைவாக வைத்தார். முழுப்பெயர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக்.

கோனிக்கைத் தாவர ஆய்வாளர் என்றுதான் உலகம் கொண்டாடுகிறது. அது சரிதான். ஆனால் சேலம், நாமக்கல் பக்கத்து மானாவாரிக் காட்டில் வளர்ந்தவனுக்கு அவர் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டியவர். தென்னிந்தியக் கறையான்களை அறிவியல் முறைப்படி பார்த்து, எழுதி, பெயர் வைத்தவர்களில் அவர்தான் முன்னோடி. கண்ணே இல்லாத ஒரு சின்னஞ்சிறு பூச்சியை உட்கார்ந்து பார்த்த மனிதர்.

மருந்துக்கடைப் பையன்

கோனிக் 1728 நவம்பர் 29-ல் லிவோனியாவில் பிறந்தார். இன்றைய வரைபடத்தில் அது லாட்வியா நாடு. பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. ரீகா நகரில் மருந்து தயாரிக்கும் தொழில் கற்றுக்கொண்டு, 1748-ல் டென்மார்க்குக்குப் போய் அதே வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் மருந்துக்கடை என்றால் மூலிகைக்கடைதான். செடி தெரியாதவன் மருந்து தயாரிக்க முடியாது. அப்படித்தான் அவருக்குச் செடிகொடிகள்மேல் ஈடுபாடு வந்தது.

1757-ல் ஸ்வீடனில் உப்சாலா நகரத்துக்குப் போய் லின்னேயஸிடம் மாணவராகச் சேர்ந்தார். உயிர்களுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய அதே லின்னேயஸ்தான். அவருடைய மாணவர்கள் உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் செடியும் பூச்சியும் சேகரித்து அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கோனிக்கும் 1764, 1765-ல் ஐஸ்லாந்துக்குப் போனார். அங்கே அவர் எடுத்த செடிகளில் ஒன்று, குளிர்ப் பிரதேசத்தின் குறுகிய கோடைக்குள் முளைத்து, பூத்து, விதை விட்டு முடிந்துபோகும் மிகச் சிறிய செடி. லின்னேயஸ் 1767-ல் அதற்குக் கோனிகியா என்று பெயர் சூட்டினார். ஆக, உறைபனி நாட்டுச் செடி ஒன்றும் நம் வீட்டுக் கொல்லைக் கறிவேப்பிலையும் ஒரே மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

1768-ல் கோனிக் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். 1620 முதல் 1845 வரை அது டென்மார்க் நாட்டின் வசம் இருந்த ஊர். அங்கிருந்த மிஷனுக்கு மருத்துவராக வந்தார். நாற்பதை நெருங்கிய வயது. நம் ஆட்கள் அந்த வயதில் வீடு கட்டி, பிள்ளைகளுக்கு வரன் பார்க்க யோசிக்க ஆரம்பித்திருப்பார்கள். அவரோ தெரியாத மொழி, தெரியாத வெயில், தெரியாத செடிகள் என்று புதிதாக ஆரம்பித்தார்.

மேட்டூரைத் தாண்டி, நம்ம பரமத்தி வேலூர், மோகனூர் ஓரமாக ஓடுகிற காவேரி கடைசியில் போய்ச் சேருவது அந்தக் கடற்கரைப் பக்கம்தான். அவர் சேலம் பக்கம் வந்திருந்தால் இன்னும் பெருமையாக எழுதியிருப்பேன். அன்று நம்ம பகுதி மைசூர் ஹைதர் அலியின் ஆட்சியில் இருந்தது. கம்பெனி கைக்கு வந்தது 1792-ல்தான். ஆனால் கறையானுக்கு எல்லை ஏது? அவர் தஞ்சாவூர்ச் சீமையில் பார்த்த புற்றும், நாம் திருச்செங்கோட்டு வழியில் பார்க்கிற புற்றும் சொல்கிற பாடம் ஒன்றுதான்.

சம்பளம் போதாத ஆராய்ச்சி

தரங்கம்பாடியில் கோனிக்கைச் சுற்றி ஒரு சிறிய நட்பு வட்டம் உருவானது. மிஷன் ஊழியர்களும் மருத்துவர்களும் செடிகளைச் சேகரித்து ஒருவருக்கொருவர் அனுப்பிப் பெயர் கண்டுபிடித்துக்கொண்டார்கள். 1773-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம், அவர் நேரில் போகாமலே அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது.

பட்டம் வந்தது, பணம் வரவில்லை. சேகரிப்புக்கு ஆகும் செலவு மிஷன் கொடுத்த சம்பளத்துக்குள் அடங்கவில்லை. அதனால் 1774-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலியிடம் இயற்கை ஆய்வாளராக வேலைக்குப் போனார். பிறகு 1778-ல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைச் சென்னையில் அதே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த வேலையில் சயாம், மலாக்கா வரைக்கும் போய்வந்தார். இலங்கையையும் பார்த்தார். நடுவில் ஹைதர் அலியின் படையெடுப்பால் கர்நாடகச் சீமையே அல்லோலகல்லோலப்பட்ட காலமும் வந்தது. இதற்கெல்லாம் நடுவில்தான் மனிதர் செடியும் பூச்சியும் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

புற்றுக்குள் என்ன இருக்கிறது?

நம்ம பக்கம் கறையானை இரண்டு விதமாகத்தான் பார்ப்போம். கடலைக்காட்டில் காயைச் சுரண்டினால், கரும்புக் கரணையை அரித்தால், வீட்டு நிலைப்படியில் செல்லு பிடித்தால் அது எதிரி. அதே கறையான் கட்டிய புற்றின் மேல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தால் அது அம்மன். பயந்து கும்பிடுவோம், அல்லது மருந்தடித்துக் கொல்லுவோம். உள்ளே எட்டிப் பார்ப்பது கிடையாது.

கோனிக் உள்ளே பார்த்தார். பார்த்ததை 1779-ல் வெளியான 28 பக்கக் கட்டுரை ஒன்றில் எழுதினார். பெர்லினில் இருந்த இயற்கை ஆய்வு நண்பர்கள் சங்கத்தின் வெளியீட்டில் ஜெர்மன் மொழியில் அது வந்தது. வெள்ளை எறும்பு என்று அழைக்கப்படுவதன் இயற்கை வரலாறு என்பது தலைப்பு. அழைக்கப்படுவது என்று சொன்னதிலேயே விஷயம் இருக்கிறது. அது எறும்பே இல்லை.

சரி, அது என்ன? லின்னேயஸ் 1758-ல் அதற்கு டெர்மிஸ் என்று பேரினப் பெயர் வைத்து, இறக்கையில்லாப் பூச்சிகளோடு சேர்த்துவிட்டார். 19-ஆம் நூற்றாண்டில், ஈசலின் நான்கு இறக்கைகளும் ஒரே அளவாக இருப்பதைப் பார்த்து, ஐசாப்டெரா என்று தனி வரிசையே கொடுத்தார்கள். நாமும் அப்படித்தான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம். 2007-ல் மரபணு ஆராய்ச்சி செய்து, கறையான் கரப்பான் பூச்சிக் குடும்பத்துக்குள்ளேயே கிளைத்தது என்று உறுதி செய்துவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் மெழுகுத் தட்டில் கரப்பானைக் குத்தி வைத்து அறுத்த நண்பர்களே, நாம் அன்றைக்கு அறுத்தது கறையானின் சொந்தக்காரரைத்தான்.

நம் நிலத்துப் புற்றுக்குள் இருக்கும் வேலைக்காரக் கறையானை ஒரு கைலென்ஸில் பாருங்கள். வெளுத்த மெல்லிய உடம்பு. மணி கோத்த மாதிரி உணர்கொம்பு. தலையின் இரண்டு பக்கமும் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது. காவலனுக்குத் தலை பெரிது, நிறம் பழுப்பு, கத்தரிக்கோல் மாதிரி தாடை. அவனுக்கும் கண் கிடையாது. வாசனையாலும், உணர்கொம்பால் தொட்டும், காலில் உள்ள உறுப்பால் தரையின் அதிர்வை உணர்ந்தும்தான் இவ்வளவு பெரிய ராஜ்ஜியம் நடக்கிறது. ஆபத்து வந்தால் காவலன் தலையைத் தரையில் முட்டித் தாளம் போடுவான். கூட்டமே உஷாராகிவிடும்.

ஆனால் அதே புற்றிலிருந்து மழை விட்ட சாயங்காலம் கிளம்பும் ஈசலுக்கு நல்ல கூட்டுக்கண் உண்டு. அதனால்தான் நம் வீட்டு விளக்கைத் தேடி வருகிறது. வெளியே பறக்கப் போகிற பிள்ளைக்கு மட்டும் கண், இருட்டில் உழைக்கிற பிள்ளைக்குக் கண் இல்லை. இருட்டில் வாழும் வேறு பூச்சிகளிலும் இது தனித்தனியாக நடந்திருக்கிறது. ஐரோப்பாவில் எறும்புக் கூட்டுக்குள் வாழும் கிளாவிகர் என்ற வண்டு இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். அதற்கும் கண் கிடையாது. எறும்புகளே அதற்கு ஊட்டிவிடுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை. கண்ணே இல்லாத இந்தப் பூச்சி கட்டிய புற்றின் துவாரத்தை நாம் புற்றுக்கண் என்கிறோம்!

மூன்று பெயர்கள்

கோனிக் அந்தக் கட்டுரையில் வைத்த பெயர்களில் மூன்று இன்றும் செல்லுபடியாகின்றன. பேரினம் மட்டும் மாறியிருக்கிறது.

முதலாவது மேக்ரோடெர்மிஸ் கன்வல்ஷனேரியஸ். வலிப்பு என்ற பொருள் வரும் பெயர். உடம்பைத் துடிக்கவைக்கும் பூச்சிக்குப் பொருத்தம்தான். தென்னிந்தியாவில் உள்ள பெரிய கறையான்களில் இது ஒன்று.

இரண்டாவது அனகாந்தோடெர்மிஸ் வியாரம். வழிகளுக்கு உரியது என்று பொருள். இது மண்ணுக்கு வெளியே வந்து புல்லை அறுத்து இழுத்துப் போகும் இனம். இதன் வேலைக்காரனுக்குக் கண் உண்டு. வெளிச்சத்தில் வேலை பார்ப்பதால் கண் தங்கிவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடத் தோன்றும்.

அங்கேதான் மூன்றாவது பெயர் குறுக்கே வருகிறது. ஹாஸ்பிடலிடெர்மிஸ் மோனோசெராஸ், அதாவது ஒற்றைக் கொம்பன். இலங்கையில் மரத்தின் மேல் கறுப்புச் சங்கிலி மாதிரி ஊர்வலம் போகும் இனம். இதன் காவலனுக்குக் கடிக்கிற தாடை இல்லை, தலையே குழாய் மாதிரி நீண்டு அதிலிருந்து பசையைப் பீய்ச்சும். இதுவும் வெளியில்தான் நடமாடுகிறது. ஆனாலும் இதன் வேலைக்காரனுக்குக் கண் இல்லை. உடம்பு மட்டும் கறுத்திருக்கிறது. ஆக, ஒரு விதியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நிமிரும்போதே இயற்கை ஒரு விதிவிலக்கைக் காட்டிவிடுகிறது. ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் ஆகணும். வகைப்பாட்டியல் என்ற அலுப்பான பாடத்துக்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

கறையான் இனங்களைப் பெரும்பாலும் காவலனின் தலையையும் தாடையையும் வைத்துத்தான் பிரித்தறிகிறார்கள். நம்ம வயல்களில் அதிகம் காணும் ஒடண்டோடெர்மிஸ் காவலனுக்கு இடது தாடையில் ஒரு பல் தெளிவாகத் தெரியும். மேக்ரோடெர்மிஸில் பெரிய காவலன், சின்னக் காவலன் என்று இரண்டு அளவு உண்டு. இதெல்லாம் லென்ஸும் பொறுமையும் உள்ள யாரும் நம்ம ஊரிலேயே பார்க்கலாம்.

ஊரார் சொன்னதைக் கேட்ட காது

கோனிக்கிடம் எனக்கு மிகவும் பிடித்தது, ஊர்மக்கள் செய்வதையும் எழுதி வைத்ததுதான். ஈசல் பிடிக்கும் முறையை அவர் விவரித்திருக்கிறார். புற்றில் காற்று வரும் பக்கம் ஒரு துளை, எதிர்ப்பக்கம் ஒரு துளை போடுவார்கள். எதிர்ப்பக்கத் துளையில், உள்ளே வாசனைத் தழை தேய்த்த பானையை வைப்பார்கள். காற்றுப் பக்கத்தில் நாற்றமடிக்கும் பொருளைப் போட்டுப் புகை மூட்டினால், உள்ளே இருக்கும் ஈசலெல்லாம் பானைக்குள் வந்துவிடும். சில சமயம் நல்ல பாம்பும் வருமாம்! பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றார்கள் என்றும், அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றுப்போக்கு கண்டு உயிருக்கே ஆபத்து என்றும் எழுதினார். ராணிக் கறையானை உயிரோடு வயசாளிகளுக்கு முதுகு பலப்படக் கொடுப்பார்கள் என்பதையும் விடவில்லை.

ஈசலை வறுத்துப் பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து தின்ற நம் தலைமுறைக்கு இதைப் படித்தால் வாய் ஊறும். 240 வருஷத்துக்கும் முன்னால் ஒரு வெளிநாட்டுக்காரர் இதை மட்டமாக நினைக்காமல் எழுதியிருக்கிறாரே என்று ஆச்சரியமும் வரும்.

புற்றின் அடியில் கடற்பஞ்சு மாதிரி ஒரு பொருள் இருக்கும். அதில் வெள்ளை வெள்ளையாகச் சிறு உருண்டைகள் காணும். அது பூஞ்சை. கறையான் குஞ்சுகளுக்கு அது தீனியாக இருக்கலாம் என்று கோனிக் ஊகித்தார். கறையான் அந்தப் பூஞ்சையைப் பயிர் செய்கிறது, விவசாயம் பார்க்கிற பூச்சி அது என்று பின்னால் வந்தவர்கள் உறுதி செய்தார்கள். மழைக்காலத்தில் புற்றருகே முளைக்கும் புற்றுக்காளான், அந்தப் பூஞ்சை வெளியே நீட்டும் குடைதான்.

அவரும் தவறு செய்தார். ஈசல் எல்லாம் பெண் என்று நினைத்துவிட்டார். ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் பறக்கின்றன. இறக்கையை உதிர்த்துவிட்டு ஜோடியாக மண்ணுக்குள் போய், ராஜாவும் ராணியுமாகப் புதுக் குடித்தனம் தொடங்குகின்றன. ஆப்பிரிக்கக் கறையான்களைப் பார்த்து 1781-ல் எழுதிய ஹென்றி ஸ்மீத்மன் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார். ஆங்கிலத்தில் படத்தோடு எழுதியதால் புகழும் அவருக்கே போனது. கோனிக்கின் ஈசல் விவரத்தை உலகம் அதிகமாகப் படித்ததுகூட ஸ்மீத்மனின் கட்டுரை வழியாகத்தான்.

கடைசிப் பயணம்

1785-ல் பயணத்தின் நடுவில் காக்கிநாடா பக்கம் கோனிக்குக்குக் கடுமையான வயிற்றுக்கடுப்பு கண்டது. அருகில் சாமல்கோட்டையில் இருந்த மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க், பின்னாளில் இந்தியத் தாவரவியலின் தந்தை என்று பெயரெடுத்தவர், வைத்தியம் பார்த்தார். பலிக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் ஜெகந்நாதபுரத்தில் கோனிக் காலமானார். வயது 56. அவருக்குப் பின் பாட்ரிக் ரஸ்ஸல் அந்தப் பதவிக்கு வந்தார்.

கையெழுத்துப் பிரதிகளை லண்டனில் இருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். வாழ்நாளில் சொந்தமாக வெளியிட்டது கொஞ்சம்தான். அவர் அனுப்பிய செடிகளை லின்னேயஸும், அவர் மகனும், ரெட்சியஸும் விவரித்தார்கள். பூச்சிகளை ஃபேப்ரீசியஸ் விவரித்தார். சேகரித்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர்கள் வேறு சிலர். சயாம் பயண நாட்குறிப்பு அச்சானது 1894-ல்தான். கறையான் கட்டுரையோ, கோயமுத்தூரில் பூச்சியியல் அதிகாரியாக இருந்த பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சர் 1921-ல் பூசா பூச்சியியல் கூட்ட நடவடிக்கைகளில் வெளியிட்ட பிறகுதான் ஆங்கிலம் படித்த இந்தியர்களுக்கு எட்டியது. நம்ம மண்ணில் பார்த்த விஷயம் நம்மிடம் திரும்பி வர 142 வருஷம் ஆச்சு.

ஆனால் அவரைவிடவும் மறந்துபோனவர்கள் உண்டு. புற்றை எப்படித் திறப்பது, ஈசலை எப்போது பிடிப்பது என்பதெல்லாம் அறிந்திருந்தவர்கள் நம்ம ஊர் ஜனங்கள். கறிவேப்பிலையில் கோனிக்கின் பெயராவது இருக்கிறது. இவர்கள் பெயர் எந்த இனத்தின் பின்னாலும் இல்லை. அவர்கள் பேரன் பேத்திகள் இன்றும் ராசிபுரத்திலும் எடப்பாடியிலும் நம்ம சொந்தக்காரர்களாகவே இருக்கிறார்கள். எந்த மழைக்கு எந்தப் புற்றில் ஈசல் கிளம்பும், எந்தப் புற்றில் காளான் வரும் என்று இன்றும் சொல்லக்கூடிய பெரியவர்கள் உண்டு. புற்றை மண்வாரி இயந்திரம் ஒரு நாளில் வழித்துவிடுகிறது. பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் ஓய்வு பெற்றாயிற்று. ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் ஒரு கைலென்ஸும் எடுத்துப் போங்கள். தோட்டத்துப் புற்றருகே ஒரு காவலனைப் பிடித்துத் தாடையைப் பாருங்கள். பாட்டியிடம் ஈசல் பிடித்த கதையைக் கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். அடுத்த சந்திப்பில் அந்த நோட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்ப்போம். கோனிக்குக்கு இருந்த வசதி நமக்கு இல்லாமல் போய்விடவில்லை. அவரிடம் இருந்தது ஒரு லென்ஸ், கொஞ்சம் காகிதம், கேட்கிற மனசு, அவ்வளவுதான்.

இன்று மதியம் சாப்பாட்டில் கறிவேப்பிலையை ஒதுக்கி வைக்கும்போது அந்த மனிதரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒதுக்காமல் சாப்பிட்டுவிடுங்கள்!